காத்து விடாத சாமான்

நல்லரத்தினம் வாவிக்குள்ளிருந்து எழும்பி, முதுகுக் காற்றுச் சிலிண்டரிலிருந்து மூச்சு இழுக்க வாயில் கவ்வியிருந்த ரெகுலேட்டரைத் துப்பினார். "தூ! வாய வெச்ச உடன குமிழி குமிழியாப் போகுது. இது ரெகுலேட்டர் இல்ல மனே, சல்லடை!"

"மூச்சு விட்டாக் குமிழி வரத்தானே செய்யும், அண்ணன்?" என்றான் கரையில் நின்ற முத்தலிப்பு.

"காசு குடுத்து அடைச்ச காத்து. அது ஏன்டா வெளிய போகணும்?"

முத்தலிப்புக்கு முகம் தொங்கிப்போயிற்று. சுனாமிக்குப் பிறகு உதவிக்கு வந்த வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன, நீருக்குள் முங்குகிற சுழியோடிச் சாமான்களை வாங்கி, கழுவித் துடைத்து விற்கிறவன் அவன். சண்டை முடிந்து கடலுக்குப் போக விட்ட நாளிலிருந்து காத்தான்குடியில் அவனுக்கு நல்ல வியாபாரம். இந்த மனிதர் ஒருவர்தான் காலையிலிருந்து எடுத்ததற்கெல்லாம் பழுது சொல்லிக்கொண்டு நின்றார்.

அவர் பெண்சாதி சீதேவிப்பிள்ளை துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு தோணி விளிம்பில் இருந்தாள். அவள் சொல்ல வேண்டியதைப் போன மாதமே சொல்லிவிட்டாள். வாலிபத்திலிருந்து மூச்சடக்கிச் சங்கு எடுக்கிற மனிதரை, அன்றைக்கு மூக்கால் இரத்தம் வடிய மயக்கத்தில் தூக்கி வந்து வாசலில் போட்டார்கள். கண் முழித்ததும் அவர் காதில் விழுந்த முதல் பேச்சு இதுதான்:

"இனி மூச்சடக்கிச் சுழியோடினா என்ட வீட்டுப் படி மிதிக்க ஒண்ணா. வீடு என்ட சீதனம். நீங்கதான் வெளிய போகணும்."

மட்டக்களப்பில் இது வெறும் மிரட்டல் இல்லை. வீடு பெண்ணுக்கு. ஆம்பிளை வந்து குடியிருக்கிறவன். அவள் பாயைச் சுருட்டி வெளியே வைத்தால் நல்லரத்தினம் தோணியில்தான் படுக்க வேண்டும்.

"அடுத்ததக் கொண்டா," என்று கையை நீட்டினார்.

அடுத்ததை வாங்கிச் சூரியனுக்கு நேரே பிடித்தார். ஒருவன் சொல்லை நம்ப மாட்டாமல் நாலு பேரிடம் போய்க் கேட்டு, என்னென்ன பார்க்க வேண்டுமென்று பாடமாக்கி வந்திருந்தார்.

"உள் வலையில பச்ச பிடிச்சிரிக்கி. மூடி போடாமக் கழுவி, உப்புத் தண்ணி உள்ளுக்குப் போயிரிக்கி."

"அது அதுட நிறம், அண்ணன்."

"நிறமா? உன்ட வாப்பாவுக்கும் இப்பிடிச் சொல்லித்தான் விப்பியா?" குழாயை வளைத்துக் காட்டினார். "இஞ்ச பாரு, வெடிப்பு. எடுத்து வெய் அங்கால."

மூன்றாவது கறுப்பு. நல்ல பாரம். சிலிண்டரில் பூட்டுகிற பக்கத்துக்கு மூடியைப் போட்டு, வாய்ப் பக்கத்தால் உறிஞ்சினார். கன்னம் இரண்டும் குழிவிழுந்து கண் பிதுங்கியது. ஒரு சொட்டுக் காற்று வரவில்லை. அப்படி உறிஞ்சும்போது காற்று வந்தால்தான் எங்கேயோ ஓட்டை.

"ம்... இது கொஞ்சம் மனிசச் சாமானாட்டம் இரிக்கி."

முத்தலிப்புக்கு உயிர் வந்தது. "ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணில ஊறப் போடுங்க அண்ணன். கழுவக்குள்ள இந்தப் பொத்தான அமத்த ஒண்ணா. வெயில்ல போடாம நிழல்ல காய விடுங்க. வருசத்துக்கு ஒருக்கா உள்ளுக்குள்ள இரிக்கிற ரப்பரெல்லாம் மாத்தணும். குடும்பத்தப் பாக்கிற மாதிரிப் பாத்தாச் சரி."

"ஐயோ தம்பி," என்றாள் சீதேவிப்பிள்ளை, "அப்பிடிப் பாத்தா ஒரு மாசத்தில துருப்பிடிச்சிடும்!"

நல்லரத்தினம் அவளை முறைத்துவிட்டுச் சிலிண்டரைக் கிட்ட இழுத்தார். முத்தலிப்பு பூட்டிக் கொடுக்க ஓடி வந்தான்.

"கைய எடு! முந்தினதப் பூட்டினதும் நீதான். உன்ட விளையாட்டு எனக்கு வேணாம். நானே பூட்டுறன்."

தானே வைத்தார், தானே திருகி இறுக்கினார். முதுகில் தூக்கிக் கட்டினார். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, ரெகுலேட்டரைக் கவ்விக்கொண்டு முங்கினார்.

வாவி அவரை மூடிக்கொண்டது. தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. நீர்க்காகம் ஒன்று வந்து அந்த இடத்திலேயே மிதந்து, சிறகைக் கோதிவிட்டுப் போயிற்று.

சீதேவிப்பிள்ளை எழும்பி நின்றாள். முத்தலிப்பு வாய்க்குள் ஓதத் தொடங்கினான்.

"தம்பி, மனிசன் இரிக்காரா இல்லையா? இறங்கிப் பாரன்கா!"

முத்தலிப்பு சாரத்தை மடித்துக் கட்டும்போதே தண்ணீர் பிளந்தது. நல்லரத்தினம் எழும்பினார். இந்த முறை துப்பவில்லை. ரெகுலேட்டரைக் கையில் எடுத்து முத்தமிட்டார்.

"இதுதான்டா சாமான்! ஒரு குமிழி வெளிய போகல்ல. ஒரு துளி தண்ணி உள்ள வரல்ல. மூச்சு எடுக்கிறதே தெரியல்ல மனே! விறாந்தையில சாஞ்சு இருந்த மாதிரி இருந்தன்!"

சீதேவிப்பிள்ளை சிரித்தாள். ஒரு மாதத்துச் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "நான் இஞ்ச பயத்தில செத்துப் பிழைச்சன்கா. இனி எந்தக் கடலுக்கும் போங்க. நான் ஒண்டும் சொல்ல மாட்டன்."

"வீட்டுக்குள்ள விடுவியா?"

"ராசா மாதிரி வாங்க!"

அவர் அவள்மேல் தண்ணீரை வாரி இறைத்தார். அவள் துடுப்பை ஓங்கினாள். பிறகு அவர் ஈரத்தோடு கரையேறி வந்து முத்தலிப்பைக் கட்டிப்பிடித்து, "நீதான்டா உண்மையான யாபாரி," என்றார். பிறந்ததிலிருந்து ஒரு வியாபாரிக்கும் அவர் அப்படிச் சொன்னதில்லை. முத்தலிப்புக்குக் கண் கலங்கிவிட்டது.

சந்தோசத்தோடு அவர் முதுகிலிருந்த சிலிண்டரை இறக்கிவைத்துக் குனிந்து, ரெகுலேட்டரைக் கழற்றிக் கொடுப்பதற்காகச் சிலிண்டர்க் குமிழை மூடத் திருகினான். அது அசையவில்லை. பலங்கொண்டு திருகினான். அசையவேயில்லை. மற்றப் பக்கம் திருகினான். உஸ்ஸென்று காற்றுப் பாய்ந்து, துவண்டு கிடந்த குழாய் விறைத்தது.

முத்தலிப்பு மெதுவாகத் தலையை நிமிர்த்தினான்.

"அண்ணன்... நீங்க சிலிண்டரத் திறக்கவே இல்லயே!"