மஞ்சள் விளிம்பு

"முப்பதாம் நாள் அளவையும் கட்டுரையில போடுங்கோ, சேர்." இதை மட்டும் பேராசிரியரிடம் கேட்டுவிடாதே என்று தயாளினிக்குப் பலரும் சொல்லியிருந்தார்கள்; கேட்டுவிட்டாள். ஆய்வுகூடத்தில் மேசையில் தபால் முத்திரை அளவு கண்ணாடித் துண்டு. அதில் அவள் கையால் பூசிய புதுவகைச் சூரியக்கலம். செய்த அன்று கன்னங்கரேலென்று இருந்தது, விழுந்த வெயிலில் ஐந்திலொரு பங்கை மின்சாரமாக்கியது. மொட்டைமாடியில் ஒரு மாதம் மாரி ஈரம் குடித்ததில் விளிம்பெல்லாம் பழுத்த பூவரசிலையாய் மஞ்சளித்துக் கிடக்கிறது. இப்போது பத்திலொரு பங்கும் தேறாது. இருவர் பெயரிலும் ஆய்விதழுக்குப் போகவிருக்கும் கட்டுரையில் அந்த ஐந்திலொன்று மட்டுமே இருக்கிறது.

சீவரத்தினம் சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "எல்லாரும் செய்த அண்டைக்கு எடுத்த அளவைத்தான் போடுறவை, பிள்ளை. உங்கடை வீட்டில முதல் படிச்சவள் நீ. பட்டத்தை எடுத்துக்கொண்டு போற வழியைப் பார்."

"எங்கடை வீட்டுக் கூரையில ஒரு நாள் மட்டுமோ சேர் வெயில் எறிக்கும்?"

"நீர் கேளும், நான் பக்கத்தில நிக்கிறன்" என்று நேற்று அவளிடம் சொன்ன, கூடப் படிக்கும் நிருஷன், துடைத்த குடுவையையே திரும்பத் துடைக்கிறான்.

அவள் கட்டுரைப் பிரதியை மேசையில் வைக்கிறாள். முதல் பக்கத்தில் அவளுடைய பெயரின் மேல் ஒரு பேனைக்கோடு. காலையில் வரும் வழியில், கொடிகாமத்தில் பஸ் நின்றபோதே அவள் அடித்தது. கண்ணாடித் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறாள். வாசலில் கிடக்கும் எட்டுச் சோடிச் செருப்புக்குள் தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டு, தூறலுக்குள் நடக்கிறாள்.