தப்பு நோட்டு

"மேடம், ஒண்ணு அந்தப் பொண்ணு இங்கே இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

சீனியர் என் மேஜையில் நோட்டைப் பொத்தென்று போட்டார். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருபது வருஷமாக மாத்திரை எடுத்துக் கொடுப்பவர். நான் தலைமைப் பொறுப்புக்கு வந்தே ரெண்டு மாசம்தான்.

அது தப்பு நோட்டு. யாராவது மருந்தைத் தப்பாக எடுத்துவிட்டால், நோயாளி கைக்குப் போகுமுன் பிடிபட்டாலும் அதில் ஏற்ற வேண்டும். பேர் கிடையாது, அடையாள அட்டை நம்பர் மட்டும்.

"இந்த மாசம் மூணு தடவை என்னை எழுதிட்டா. என் நம்பர் பன்னிரண்டு, பாருங்க! கூட வேலை பார்க்கிறவங்கன்னு ஒரு ஈவு இரக்கம் வேண்டாம்? எல்லாரும் அவளை சிசிடிவின்னுதான் கூப்பிடறோம்."

எனக்கும் அவள் என்றால் கொஞ்சம் உதறல்தான். காலையில் நானே ஐந்து மில்லிகிராம் டப்பாவில் பத்து மில்லிகிராம் மாத்திரை அட்டையைப் போட்டுவிட்டேன். சட்டென்று எடுத்து மாற்றிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தேன். நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை. அவள் கண்ணில் பட்டிருந்தால் மானம் கப்பலேறியிருக்கும்.

அவளுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. நான் ஒரு கையெழுத்துப் போட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம்.

நோட்டைப் புரட்டினேன். பன்னிரண்டு, மூன்று தடவை. எட்டு, ரெண்டு தடவை. முப்பத்தொன்று... அடேயப்பா, பதினோரு தடவை!

"யாருங்க இந்த முப்பத்தொண்ணு? முதல்ல அந்த ஆளைத்தான் அனுப்பணும்!"

சீனியர் குஷியாகிவிட்டார். "ரெண்டு பேரையுமே அனுப்பிடுங்க மேடம், பீடை ஒழியட்டும்."

அவளைக் கூப்பிட்டேன். வந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"முப்பத்தொண்ணு யாரும்மா?"

"நான்."

சீனியர் நோட்டை இழுத்து மறுபடி பார்த்தார்.

"உன் தப்பையெல்லாம் யார் கண்டுபிடிச்சது?"

"நான்தான். எடுத்த உடனே திருத்திட்டேன்."

"அதான் யாரும் பார்க்கலையே, அப்புறம் எதுக்கு எழுதினே?"

"நான் பார்த்தேனே, மேடம்."

அவளுடைய அண்ணன் என்னிடம் ஒருநாள் சொன்னது ஞாபகம் வந்தது. "தங்கச்சிக்கு ஆட்டிசம், மேடம். 'நான்'னு வந்தா நம்ம மூளை தனியா ஒரு சலுகை கொடுக்குமாம். இவளை மாதிரி சிலருக்கு அது குறைவாம், தானும் அடுத்தவங்களும் ஒரே வரிசைதானாம். டாக்டர் சொன்னார்." அன்றைக்கு 'ஐயோ பாவம்' என்று நினைத்தேன். என்னை என்ன சொல்ல!

அவளே நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். நாங்கள் யாருமே படிக்காத விதி. 'தவறு செய்தவரே எழுத வேண்டும். அன்றே நான்கு மணிக்குள் எழுதாவிட்டால், பார்த்தவர் எழுத வேண்டும்.'

"சார் எழுதுவார்னு மூணு நாளும் நாலு மணி வரைக்கும் காத்திருந்தேன்."

சீனியர் சத்தமில்லாமல் வெளியே நழுவினார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ எங்கேயும் போக வேண்டாம்மா. நீ இருக்கிற வரைக்கும் இங்கே மருந்து வாங்கறவங்க நிம்மதியா முழுங்கலாம்."

அவள் நகரவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் என்னம்மா?"

பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"மணி மூணு ஐம்பது, மேடம். உங்களுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."