நகக்கண்ணில் வெள்ளி

சோப்பு நுரை முழங்கை வரை ஏறியிருந்தபோது பிரீத்திகா குளியலறை வாசலில் வந்து நின்றாள்.

மீன் மாட்டிக்கிட்டது என்றாள்.

சபரிநாதன் நுரைக் கையோடு மகளின் பின்னால் கூடத்துக்கு ஓடினான்.

கண்ணாடித் தொட்டியின் அடியில் ஒரு புஸ்வாணச் சட்டி கிடக்கும். மருந்து அடைக்காத வெறும் மண்சட்டி. மீனுக்கும் வீடு வேண்டாமா என்று மனைவி அனுப்பிரியா, அவன் வேலை பார்க்கும் எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியிலிருந்து அவனை எடுத்துவரச் சொல்லிப் போட்டது. அகன்ற வாய் வழியே உள்ளே போன தங்கமீன், குறுகிய முனையில் தலை சிக்கி வாலை அடித்துக்கொண்டிருந்தது.

அவள் வளர்த்த மீன்களில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

கையை உள்ளே விடப்போனான். பிரீத்திகா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சோப்புக் கைய விடாதப்பா. மீனு செத்துரும்னு அம்மா சொல்லியிருக்குல்ல."

சொல்லியிருக்கிறாள். கிருமியைக் கொல்லும் சோப்பு மீனை மட்டும் விட்டுவைக்குமா, கெமிஸ்ட்ரி படித்தவருக்கு இதுகூடத் தெரியாதா என்று கேலியும் செய்திருக்கிறாள். அவள் இருந்தவரை அவன் கை அந்தத் தொட்டிக்குள் போனதே இல்லை.

குழாயடிக்கு ஓடினான். வெறும் தண்ணீரில் கழுவினான். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகநுனி, மணிக்கட்டு. அந்த வரிசை மனப்பாடம். மதுரையில் ஒரு குழாய்க்கு மேலே ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துப் படித்தது.

பிரீத்திகா அவன் விரல்களை மூக்கருகே இழுத்து மோந்து பார்த்தாள். இன்னும் வாடை வருகிறது என்று திருப்பி அனுப்பினாள்.

அவள் அம்மாவும் இப்படித்தான். அவன் வேலை முடிந்து வந்து தட்டின் முன் உட்கார்ந்தால் கையை மோந்து பார்ப்பாள். அவளுக்குச் சோப்பு வாடை வந்தால்தான் சோறு. மகளுக்கு அது வந்தால் ஆகாது.

மறுபடியும் கழுவிவிட்டு வந்தான். மீனின் வால் ஓய்ந்துகொண்டிருந்தது.

இந்த முறை வாடை இல்லை. ஆனாலும் அவள் கையை விடவில்லை. நகக்கண்களை உற்றுப் பார்த்தாள். அங்கே அலுமினியப் பொடி வெள்ளியாய்ப் படிந்திருந்தது. பல தீபாவளிச் சீசன்களின் பொடி. எந்தச் சோப்புக்கும் போகாது, தண்ணீரிலும் கரையாது.

சபரிநாதன் கைகளைச் சட்டென்று உருவி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

மதுரை ஆஸ்பத்திரியில் நர்ஸும் அதைத்தான் பார்த்தாள். ரத்தத்தில் வெள்ளையணுவே இல்லாத பேஷண்ட், துளி அழுக்குகூட ஆகாது என்றாள். அழுக்கு இல்லை, பொடி என்று அவன் சொல்லிப் பார்த்தான். அந்தப் படத்தில் இருந்தபடி கழுவிக் கழுவி வந்து காட்டினான். மனைவியைத் தொட விடவில்லை.

கடைசிவரை கட்டிலருகே இப்படித்தான் நின்றான். போர்வைக்கு மேல் அனுப்பிரியாவின் உள்ளங்கை விரிந்தபடி கிடந்தது.

பிரீத்திகா அவன் பின்னால் போய் அந்தக் கையைப் பிரித்து முன்னால் இழுத்து வந்தாள்.

"உனக்கும் செதில் இருக்குப்பா. மீனு பயப்படாது. தொடு."

தண்ணீர் குளிர்ந்திருந்தது. சட்டியைச் சாய்த்து, இரண்டு விரலை உள்ளே விட்டு, மெல்லப் பின்னால் இழுத்தான்.

அவன் உள்ளங்கையில் ஒரு வால் அடித்தது.