கம்பியை விடாத ஆள்

நீச்சல் குளத்தருகே வந்து நின்றவளைப் பார்த்ததும் பயிற்சியாளர் தலையைச் சொறிந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. மத்தவங்கல்லாம் ஒரு தடவை சொன்னதுமே மிதக்குறாங்க. நம்மாளு மட்டும் கம்பிய விடமாட்டேன்னு ஒரே அடம்!"

"கூட்டத்துல சொன்னா மண்டையில ஏறாதுங்க. தனியா, கையப் பிடிச்சு, செஞ்சு காட்டணும். எல்லார் முன்னாடியும் அதட்டிடாதீங்க, மூஞ்சி தொங்கிப்போயிடும்."

பயிற்சியாளர் அப்படியே செய்தார். கால் மணி நேரத்தில் கை கம்பியை விட்டது. குளமே கைதட்டியது.

நடுங்கிக்கொண்டே கரையேறிய பள்ளித் தலைமையாசிரியருக்குத் துண்டைப் போர்த்திவிட்டாள் மகள்.

"பார்த்தீங்களாப்பா? 'ஒருத்தனுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியணும்'னு இனிமேலும் உங்க வாத்தியாருங்கள விரட்டுவீங்களா?"

"காதுல தண்ணி பூந்திருச்சும்மா. ஒண்ணுமே கேக்கல" என்றார் அவர்.