வீட்டுக்காரம்மா

கல்யாணமாகி முப்பது வருடம் கழித்து முதன்முதலாக ஊர் சுற்றக் கிளம்பியவர்கள் வேதமுத்துவும் செல்லக்கனியும். மதுரை வெயிலில் ஆட்டோ பிடிக்காமல் முதுகுப்பையோடு நடந்தே அந்த அருங்காட்சியகத்துக்கு வந்தார்கள். அந்தக் காலத்து வணிகர் ஒருவர் வாழ்ந்த வீடு அது. உள்ளே நுழைந்ததும் செல்லக்கனிக்குத் தலை சுற்றியது. காவலுக்கிருந்த பெண் ஓடிவந்து தாங்கிக்கொண்டாள். யாரும் தொடக்கூடாத தேக்குக் கட்டிலைச் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்தாள்.

"இதுல படுங்கக்கா. யாரு கேக்கப்போறா?"

தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். வேதமுத்து ஊர் வரைபடத்தை மடித்து விசிறினார்.

அடுத்து வந்த கூட்டம் கட்டிலருகே திகைத்து நின்றது.

"யாரும்மா இது?" என்றார் ஒருவர்.

காவல்காரப் பெண் உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்க. வீட்டுக்காரம்மா தூங்குறாங்க."

கூட்டம் நுனிக்காலில் நகர்ந்தது.