அப்பய்யா போட்ட ரோடு

"சீனாக்காரன் சும்மா ஒரு துரும்பைக் கிள்ளிப் போட மாட்டான்யா. ரயில் ரோடு போட்டுக் குடுக்குறான்னா உள்ளுக்குள்ள ஒரு திட்டம் இருக்கும்."

பாளையம்பட்டி கோட்டைச்சாமி டீக்கடையில், பேப்பரை மடியில் போட்டுக்கொண்டு சொன்னார் பருத்தி வியாபாரி அப்பய்யா. சீனச் சண்டையின்போது விரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்றி யுத்த நிதிக்குக் கொடுத்தவர். அன்றிலிருந்து சீனா என்றால் வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் பேசுவார்.

"எங்க மொதலாளி போடுறான்?" என்று கேட்டான் காக்கைக்குளத்தில் பருத்தி விதைக்கும் சம்சாரி இருளாண்டி.

"ஆப்பிரிக்காவுல. ஜாம்பியான்னு ஒரு தேசம். கடலே கெடையாது. ஆனா மண்ணுக்குள்ள அம்புட்டும் தாமிரம். ரயிலு விட்டா அந்தத் தாமிரம் யாருக்குப் போகும்?"

"ரோடு போட்டவனுக்குத்தான் போகணுமோ?"

அப்பய்யாவுக்குச் சூடு ஏறிவிட்டது. "ஏன் போகணும்? அவன் என்ன தாலியா கட்டியிருக்கான்? ரோட்டை வாங்கிக்கிட வேண்டியது. தாமிரத்தை எவன் நல்ல வெலை கேக்குறானோ அவனுக்குப் போட வேண்டியது. ரோசமுள்ளவன் அதைத்தான்யா செய்வான்."

கடையே தலையாட்டியது. இருளாண்டி கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டினான்.

அப்பய்யாவின் மனசிலும் ஒரு ரோடு ஓடிக்கொண்டிருந்தது.

காக்கைக்குளம் முழுக்கக் கரிசல். பருத்தி எடுக்கிற நேரம் ஒரு கோடை மழை பெய்தால் வண்டி அச்சு வரைக்கும் இறங்கிவிடும். நனைந்த பருத்தியோடு தட்டுத்தடுமாறி மெயின் ரோடு ஏறினால், முதலில் இருப்பது அப்பய்யா பருத்தி வாங்கி அடுக்கும் கிட்டங்கி. ஒரு கை அள்ளிப் பிழிந்து பார்த்து, "ஈரமால்ல இருக்கு" என்று விலையை இறக்குவார். மழை பெய்யாத வருஷம் மட்டும் ஆட்கள் வேறு வியாபாரியிடம் நழுவிவிடுவார்கள். அந்த ஓட்டையையும் அடைத்துவிட்டால் காக்கைக்குளத்துப் பருத்தி மொத்தமும் அவருக்குத்தான்.

சொந்தச் செலவில் சரளை அடித்து ரோடு போட்டார். ஊரில் தொடங்கிய ரோடு நேராக அவர் கிட்டங்கி வாசலில் வந்து முடிந்தது. 'அப்பய்யா சாலை' என்று கல் நட்டுத் தேங்காய் உடைத்தார்கள். இருளாண்டி பெண்டாட்டி கருத்தம்மாள் குலவை போட்டாள்.

"பதிலுக்கு எதுவுமே கேக்கலையே மொதலாளி" என்று உருகினான் கோட்டைச்சாமி.

"நமக்கு எதுக்குய்யா பதிலு" என்றார் அப்பய்யா. ரோட்டின் வாயே தன் வாசலில் இருக்கும்போது பருத்தி எங்கே போய்விடும்?

பருத்தி வெடித்தது. தராசுக்குக் குங்குமம் வைத்துவிட்டு வாசலில் நின்றார். முதல் வண்டி இருளாண்டியுடையது. அவரைப் பார்த்ததும் கும்பிட்டான். வண்டி வாசல் வரைக்கும் வந்து, மெயின் ரோட்டில் ஏறி விருதுநகர்ப் பக்கம் திரும்பியது. பின்னால் வந்த வண்டிக்காரர்களும் ஆளுக்கொரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

"ஏலே இருளாண்டி, எங்கலே போற? கிட்டங்கி இங்க இருக்கு."

அவன் வண்டியை நிறுத்தினான். "விருதுநகர்ல வெலை கூடக் கேக்குறாக மொதலாளி. முந்தி ஈரத்துக்குப் பயந்து ஒங்ககிட்ட எறக்குனோம். இப்ப காஞ்ச பருத்தி காஞ்சபடியே எம்புட்டுத் தூரமும் போகுது. எல்லாம் ஒங்க ரோட்டுப் புண்ணியம்."

"ரோடு போட்டவன் நானுலே."

"நீங்கதான மொதலாளி சொன்னீக? ரோட்டை வாங்கிக்கிடணும், தாமிரத்தை நல்ல வெலை கேக்குறவனுக்குப் போடணும்னு." மறுபடியும் பணிவாக ஒரு கும்பிடு போட்டான். மாடுகள் நகர்ந்தன.

மறுநாள் டீக்கடையில் அப்பய்யா பேப்பரைத் தொடவில்லை. கோட்டைச்சாமிதான் எட்டிப் பார்த்துப் படித்தான்.

"ஜாம்பியா ரயில் ரோடு வேலை மும்முரமா நடக்குதாம் மொதலாளி. சீனாக்காரன் தாமிரத்தை மொத்தமா அள்ளிருவானோ?"

அப்பய்யா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். இந்த முறை வெற்றிலையைத் துப்பவில்லை.

"எங்கிட்டு அள்ள? வேகாத வெயில்ல கல்லும் மண்ணும் சொமந்து போட்டுக் குடுக்குறான். அந்தப் பயலுக ஒரு கும்பிடு போட்டுட்டு, அடுத்தவனுக்குக் கொண்டுபோய்ப் போட்டுருவானுக."

பெருமூச்சு விட்டார்.

"பாவம்யா, சீனாக்காரன்."