ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு ஆக்ஸில்

"இதுவும் தாங்காது சார்" என்றார் மெக்கானிக் வைரவன்.

மரிய ஆனந்துக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஒரே வாரத்தில் இது மூன்றாவது ஆக்ஸில். மதுரையில் பழைய சாமான் கடை கடையாக ஏறி இறங்கி, லோடு ஆட்டோவில் ஏற்றிக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தது.

"எதைக் கொண்டாந்தாலும் தாங்காது, தாங்காதுன்னா எப்படிண்ணே? ஞாயித்துக்கிழமை கோயம்புத்தூர்ல ரேஸு!"

"நீங்க அந்தக் கான்டெசா காருல ஏத்தியிருக்கிற எஞ்சின் அப்படி. கிளட்ச்சை விட்ட ஒடனே அம்புட்டு வேகமும் பின் ஆக்ஸில் மேலதான விழுகுது? இது வேன் ஆக்ஸில். சரக்குச் சொமக்கும், அடி தாங்காது. போன தடவை என்னாச்சு?"

போன தடவை நடந்ததை ஆனந்திடம் பேசாமல் இருப்பவர்கள்தான் அவனுக்கு நண்பர்கள். பச்சை விளக்கு எரிந்தது, பக்கத்து வண்டி பறந்தது, இவன் வண்டிக்கடியில் மடார் என்று ஒரு சத்தம். ஆக்ஸில் ரெண்டு துண்டு. நானூறு மீட்டர் பந்தயத்தில் நாலு அடிகூட நகரவில்லை. தள்ளிக்கொண்டுதான் வெளியே வந்தான்.

இந்தத் தடவை விட்டால் இனி இல்லை. அடுத்த மாதம் வீட்டில் குழந்தை பிறக்கிறது. ஒரே ஒரு ஓட்டம், அதோடு வண்டியை விற்றுவிடுகிறேன் என்று மனைவி ஷீலாவிடம் சத்தியம் செய்திருந்தான். மின்வாரிய ஆபீஸில் ஃபைலைப் புரட்டும்போதுகூட அந்த நானூறு மீட்டர்தான் கண்ணில் ஓடியது. முழுசாக ஒரு தடவை ஓட்டிவிட்டால் போதும் என்று ஏங்கினான்.

வைரவன் ஸ்பானரைத் துடைத்து வைத்தார்.

"வெள்ளிக்கிழமை வாங்க சார். ஏங்கிட்ட ஒண்ணு இருக்கு."

வெள்ளிக்கிழமை ஆனந்த் தன் நண்பன் சகாய ஆண்டனியையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனான். தரையில் ஒரு ஜீப் ஆக்ஸில் கிடந்தது. தூக்கவே நாலு ஆள் வேண்டும்.

"ஜீப்போடது அகலமா இருக்குமேண்ணே, நம்ம காருக்குள்ள அடங்குமா?"

"அடங்கும். கான்டெசா அளவுக்குக் குறைச்சு வெல்டிங் வச்சதுதான்."

ஆண்டனி குனிந்து பார்த்தான். நடுவில் உருண்டையாக இருந்த பாகத்தில் சந்தனம் காய்ந்து கிடந்தது. பொட்டின் மேல் பொட்டு, அதற்கு மேல் குங்குமம், அதற்கும் மேல் இன்னொரு பொட்டு.

"டேய், ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் பொட்டு வச்சிருக்காரு பாரு" என்று ஆனந்தின் காதைக் கடித்தான். "எத்தனை வருசமா மூலையில கெடந்த சரக்கோ! எவனோ செய்யச் சொல்லிட்டு வேணாம்னு போயிருப்பான். ஒந்தலையில கட்டுறாரு."

ஆனந்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அல்லது, விளங்கிவிட்டதாக நினைத்தான்.

"வைரவண்ணே, இதைத் தள்ளிவிடத்தான் நான் கொண்டாந்ததை எல்லாம் நொட்டை சொன்னீகளா?"

வைரவனின் முகம் சுண்டிப்போனது.

"இதுக்கு வெல எதுவும் வேணாம் சார். மாட்டுற கூலி மட்டும் குடுங்க."

'பாத்தியா, சும்மாவே தள்ளுறாரு' என்பது போல் ஆண்டனி கண்ணைக் காட்டினான்.

வேறு வழியில்லை, வேறு நாளும் இல்லை. மாட்டச் சொன்னான் ஆனந்த். ஒவ்வொரு போல்ட்டையும் வைரவனே படுத்து முடுக்கினார், வேறு யாரையும் தொடவிடவில்லை.

"எப்படி ஓடுச்சுன்னு ஒரு போன் மட்டும் போடுங்க சார்" என்றார் கிளம்பும்போது.

ஞாயிற்றுக்கிழமை பச்சை விளக்கு எரிந்தது. ஆனந்த் பல்லைக் கடித்துக்கொண்டு கிளட்ச்சை விட்டான். அந்த மடார் சத்தம் வரவேயில்லை. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ள, வண்டி சீறிக்கொண்டு போனது. மொத்தம் பதினாலே செகண்ட். கிடைத்தது மூன்றாமிடம்தான், ஆனாலும் இறங்கியதும் அழுதுவிட்டான்.

அந்தச் சந்தோஷத்தில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் போன் போட்டான். வைரவனை மறந்துவிட்டான்.

திங்கட்கிழமை சாயங்காலம்தான் அவர் ஞாபகம் வந்தது. பட்டறை பூட்டியிருந்ததால் நாச்சியாபுரத்தில் இருந்த அவர் வீட்டுக்கே போனான். 'ஏதோ, உங்க பழைய சரக்கு தாங்கிருச்சுண்ணே' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வண்டியை வாங்க யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்டுவிடலாம் என்று நினைத்தான்.

வைரவனின் மனைவி மீனம்மாள் வெளியே வந்தார்.

"வாங்க சார். குன்றக்குடி ரோட்டுல ஏதோ வண்டி நின்னுபோச்சுன்னு போயிருக்காக. ஒங்க வண்டி ஓடுச்சா சார்? நேத்துப் பூராம் போனைக் கையில வச்சுக்கிட்டே ஒக்காந்திருந்தாக. சரியாச் சாப்பிடக்கூட இல்ல."

ஆனந்துக்கு வெட்கமாகிவிட்டது.

"ஓடுச்சுக்கா... முழுசா ஓடுச்சு" என்றபடி பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

வீட்டின் பக்கவாட்டில் தார்ப்பாய் போர்த்திய ஒரு கார் நின்றது. முன்பக்கம் சக்கரம் இருந்தது. பின்பக்கத்தைக் கருங்கல் அடுக்கி நிறுத்தியிருந்தார்கள்.

"இது யாரோட வண்டிக்கா?"

"அவுகளுதுதான். ஒங்களுது மாதிரியே கான்டெசா. ஒரு ரேஸாச்சும் ஓட்டிப்புடணும்னு பதினோரு வருசமா ஒண்ணொண்ணா மாட்டிக்கிட்டு இருந்தாக. எஞ்சின் மட்டுந்தான் பாக்கி."

ஆனந்த் தார்ப்பாயைத் தூக்கிக் குனிந்து பார்த்தான். ஆக்ஸில் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"வியாழக்கெழமதான் கழட்டுனாக" என்றார் மீனம்மாள். "பாத்துப் பாத்துச் செஞ்சதைத் தூக்கிக் குடுக்குறீகளேன்னு கேட்டேன் சார். ரெண்டு வண்டியும் நிக்கிறதுக்கு, ஒண்ணாச்சும் ஓடட்டுமேன்னுட்டாக."